நூறு டொலர் வாசல்

கொம்பனித்தெருவில் இருந்த குளிர்களஞ்சியத்தைக் கொழும்பின் மூத்த தலைமுறை மறந்திருக்காது. யானைச் சின்னம் போட்ட சோடாப் போத்தல்களுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அதுதான் தாய்வீடு. அந்த நிலத்தில் இன்று பேர வாவியைப் பார்த்தபடி கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. 2025 ஆகஸ்ட் 2ஆம் திகதி அங்கே ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ கசினோ திறக்கப்பட்டது. ஜோன் கீல்ஸ் குழுமமும் மக்காவோவில் தொழில் நடத்தும் மெல்கோ நிறுவனமும் சேர்ந்த திட்டம். முதலீடு நூறு கோடி டொலருக்கு மேல். காலி வீதி நெரிசல் வழிவிட்டால் வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் சிறிது நேரப் பயணந்தான். ஞாயிறு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சம் பார்த்து, ஏதாவது சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். சூதாட்ட மேசை இருக்கும் பக்கம் தலைகூடக் காட்ட வேண்டியதில்லை.

அப்படிப் போய்வருவதில் பிழை ஏதும் உண்டா? சூதாடுவது பிழையா என்ற பழைய கேள்வி வேறு. சூதாட்டக் காசில் எழுந்த இடத்தை, சூதாடாதவர் ஒருவர் வேடிக்கை பார்க்கப் போகிறார். அந்தக் காசோடு அவருக்கு ஏதாவது பற்று வரவு இருக்கிறதா என்பதுதான் இங்கே பேச்சு.

இந்தக் கேள்வியை நம்மைவிட முன்பே சந்தித்த ஊர்கள் உண்டு. கொழும்பைப் போலத் துறைமுக நகரங்கள் அல்ல அவை, மலையில் இருக்கும் பழைய சுரங்க ஊர்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 1859 மே மாதம் ஜோன் கிரெகரி என்பவர் ஒரு மலை இடுக்கில் தங்கப் பாறையைக் கண்டார். அதைச் சுற்றி சென்ட்ரல் சிட்டி, பிளாக் ஹோக் என்று இரண்டு ஊர்கள் முளைத்தன. 1878இல் சென்ட்ரல் சிட்டி என்ற அந்தச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் கல்லால் ஓர் இசைநாடக அரங்கமே கட்டினார்கள். பிறகு தங்கம் தீர்ந்தது, ஆட்கள் போனார்கள், கூரைகள் இறங்கின. 1990இல் மாநில மக்கள் வாக்களித்து அந்த ஊர்களுக்குச் சூதாட்ட அனுமதி கொடுத்தார்கள்; 1991 ஒக்டோபர் முதலாம் திகதி மேசைகள் திறந்தன. ஒரு பந்தயத்துக்கு 5 டொலருக்கு மேல் வைக்கக் கூடாது, வரிப் பணத்தில் 28 வீதம் மாநிலத்தின் பழைய கட்டடங்களைக் காக்கும் நிதியத்துக்குப் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்த 5 டொலர் 2008இல் 100 டொலரானது. 2020இல் எல்லையை அந்தந்த ஊரே தீர்மானிக்கலாம் என்றானது. கொலராடோ எங்கும் பழைய தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் அந்த நிதியத்தால் பிழைத்தது உண்மை. ஆனால் பிளாக் ஹோக்கில் கசினோவுக்கு இடம் விட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடொன்று தன் அடிநிலத்திலிருந்தே பெயர்ந்து வேறிடம் போக வேண்டியதாயிற்று. பழமையைக் காக்க அழைத்து வந்த விருந்தாளி, பழமையைப் பார்த்து “கொஞ்சம் தள்ளி உட்கார்” என்று சொன்ன கதை.

தென்கொரியாவின் கதை இன்னும் உறுத்துவது. அங்கே கங்வொன் மலைப்பகுதியில் சாபுக் என்ற நிலக்கரி ஊர் இருக்கிறது. கூலிக்காகவும் கௌரவத்துக்காகவும் அதன் தொழிலாளர்கள் 1980 ஏப்ரலில் கிளர்ந்தெழுந்தார்கள். நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் அந்த எழுச்சிக்குத் தனி இடம் உண்டு. பிறகு அரசே சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடியது. பிழைக்க வழி கேட்டு ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1995இல் கைவிடப்பட்ட சுரங்கப் பகுதிகளுக்கென ஒரு விசேட சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பிள்ளைதான் 2000ஆம் ஆண்டு திறந்த ‘கங்வொன் லேண்ட்’ கசினோ. கொரியாவின் மற்றக் கசினோக்கள் எல்லாம் வெளிநாட்டவருக்கு மட்டும். கொரியப் பிரசை சட்டப்படி நுழையக் கூடியது இந்த ஒன்றில்தான். உயர்ந்தபட்சம் மாதத்துக்கு 15 நாள்.

நின்று பார்க்க வேண்டிய விடயம் அடுத்தது. கசினோ எந்த ஊரைக் காப்பாற்ற வந்ததோ, அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு அனுமதி மாதத்தில் ஒரே ஒரு நாள். பிழைப்புத் தருகிறோம் என்று கொண்டுவந்தவர்களே, “நீ மட்டும் அதிகம் கிட்டப் போகாதே” என்கிறார்கள். கிடைக்கும் நன்மை எது, வரப்போகும் கேடு எது என்று சட்டம் எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சாபுக் தெருவில் இன்று அடகுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நகை மட்டுமல்ல, காரையும் அடகு பிடிக்கின்ற கடைகள். விளையாட வந்து, வந்த வாகனத்தையே விட்டுப் போனவர்களின் தடம் அது. கொரியாவுக்கு வேலைக்குப் போய்வந்த இலங்கையர் ஆயிரக்கணக்கில் உண்டு. கங்வொன் பக்கம் பனிச்சறுக்கு பார்க்கப் போனவர்களும் அவர்களில் இருக்கக்கூடும்; அடகுக் கடைகளைப் படம் எடுத்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இனி வேடிக்கை பார்க்கப் போகிறவரின் கணக்கு. அவர் சொல்வது, “நான் ஒரு சதமும் வைக்கவில்லையே.” சரிதான். ஆனால் ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் இருக்கின்றன. ஓர் எண்ணில் வைத்து வென்றவருக்குக் கொடுப்பது 35 மடங்கு. இடையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளி, நூறு ரூபாயில் 2 ரூபாய் 70 சதம்தான். ஒவ்வொரு சுழலிலும் அது மெல்லக் கசிந்து ஓரிடத்தில் தேங்குகிறது. சூதாட்ட ஊர்களில் இலவசமாக வாகனம் நிறுத்த முடிவதும், சாப்பாடு மலிவாகக் கிடைப்பதும், கூட்டிப்போகப் பஸ் வருவதும் அந்தத் தேக்கத்திலிருந்துதான். சூதாடாமல் போய்ச் சாப்பிட்டு வருபவர் யாருடைய தோல்வியையோ தட்டில் வாங்கிக்கொள்கிறார். ஒரேயடியாக விட்டுத் தொலைத்தவர் யார், பொழுதுபோக்காக இருபது டொலர் விட்டவர் யார் என்று தட்டில் எழுதியிருக்காது. பெருந்தொகை வருவது விட முடியாமல் விளையாடுகிற சிலரிடமிருந்து என்பதைச் சூதாட்டத் தொழில் பற்றி அறிந்தவர்கள் மறுப்பதில்லை.

ஆகவே போகக் கூடாது என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல இந்த நாட்டில் யாருக்கு வாய் இருக்கிறது? வெள்ளவத்தைச் சந்தியிலும் கொட்டாஞ்சேனைச் சந்தியிலும் லொத்தர் விற்கும் கூண்டுகள் இருக்கின்றன. விற்பது அரசாங்கம். 1983இல் தொடங்கிய அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல நிதியத்துக்கும் போகிறது. மகாபொல புலமைப்பரிசில் வாங்கிப் பல்கலைக்கழகம் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கட்டுபெத்தையிலும் அந்தக் காசில் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்த்தவர்கள் இன்று வைத்தியர்கள், பொறியியலாளர்கள். மருதானைச் சந்தியில் தினமும் இரண்டு சீட்டு வாங்கி ஒருநாளும் விழாத மனிதனுடைய நம்பிக்கையில் ஒரு துண்டு அந்தப் படிப்புக்குள் இருக்கிறது. மகாபொலவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா? அப்படிச் சொல்லும் அறநெறியை ஏழைப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சூது வேண்டாம் என்ற சுத்தமும் இலவசமாக வருவதில்லை. கோலார் தங்கவயல் அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பெப்ரவரியில் சுரங்கம் மூடியது. கசினோவும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. எஞ்சியது சயனைட் கழிவு மேடுகளும், விடியமுன் பெங்களூருக்கு ரயிலேறும் கூட்டமும். சென்ட்ரல் சிட்டிக்காரரையும் சாபுக்காரரையும் குறை சொல்லுமுன், தங்கவயலை யார் எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிச் சினிமா வந்த பிறகு சிலர் போனார்கள்.

கொழும்பு சுரங்க ஊர் அல்ல. ஆனால் 2022இல் டொலர் இன்றி நின்ற நாடு, வற்றிப்போன சுரங்கத்தின் வாசலில் நிற்கிற ஊரைப் போலத்தான் யோசிக்கும். கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் கசினோக்கள் பல காலமாகவே இருந்தன. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அவற்றுக்கெனத் தனிச் சட்டம் இருக்கவில்லை. ஒரு பத்தாண்டுக்கு முன் அவுஸ்திரேலியச் செல்வந்தர் ஜேம்ஸ் பக்கரின் திட்டம் வந்தபோது பிக்குகள் எதிர்த்தார்கள், அரசாங்கம் மாறியது, திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அந்த எதிர்ப்பின் குரல் தணிந்திருக்கிறது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் கசினோவுக்குள் நுழையும் இலங்கைப் பிரசை கட்ட வேண்டிய தொகை 50 டொலரிலிருந்து 100 டொலராக்கப்பட்டது. வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. சிங்கப்பூரிலும் இதே மாதிரிதான்: தன் பிரசையிடம் ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டொலர் வாங்கி வந்தார்கள், 2019இல் அதை 150 ஆக்கினார்கள்.

அறம் பற்றிய முழுச் சிக்கலும் இந்தக் கட்டணத்தில் இருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளை தொடக் கூடாது என்று உயரத்தில் எடுத்து வைத்த பண்டத்தை விருந்தாளிக்கு மட்டும் இலையில் பரிமாறுகிற வீடு இது. வள்ளுவர் விருந்தோம்பலை அறத்துப்பாலில் வைத்தார். சூதைப் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். அதிகார வரிசையை அவரே அமைத்தாரா என்பது அறிஞர் பாடு. ஆனாலும் யோசித்து வைத்த இடம் போலத்தான் தெரிகிறது. நம் சுற்றுலாக் கொள்கை இரண்டையும் ஒரே அதிகாரத்தில் சேர்த்துவிட்டது. விருந்தும் அதுவே, சூதும் அதுவே.

அந்த விருந்தாளி யார்? இலங்கைக்கு அதிகம் வருபவர்கள் இந்தியர்கள். கோவா, சிக்கிம் போன்ற ஓரிரு இடங்கள் தவிர இந்தியாவில் கசினோவுக்கு அனுமதியில்லை. சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. தமிழ்நாடு 2003இல் லொத்தரைத் தடை செய்தது; இணையச் சூதாட்டத்தில் கடன்பட்டு உயிர் விட்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு அதற்கும் 2022இல் தடைச் சட்டம் இயற்றியது. அந்த மாநிலம் தன் மக்களிடமிருந்து எதைத் தூர வைக்க முயல்கிறதோ, அதை நாம் கடலுக்கு இந்தப் பக்கம் விரித்து வைத்திருக்கிறோம். ‘வெளிநாட்டவர்’ என்று சட்டம் சொல்கிற ஆள் தமிழ் பேசிக்கொண்டு வரக்கூடும். அவருடைய மனைவியின் தாலி எந்த ஊரில் அடகு போகும் என்பது நம் புள்ளிவிபரத்தில் ஏறாது.

சூது மண்டபத்தில் பாஞ்சாலி கேட்டது சூது நல்லதா கெட்டதா என்றல்ல. தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என்று கேட்டாள். சபையில் பெரியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பதில் இருக்கவில்லை. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறவர்கள் அந்தப் பதிலில்லாத மௌனத்தின் மேல்தான் நடக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. சூதாட்டத்தில் வைக்கப்படுகிற பொருள் பெரும்பாலும் மேசையில் இருப்பவருடையது மட்டும் அல்ல. வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் வைக்கப்படுவது அது. வரி வாங்கும் அரசும் அந்தச் சபையில் ஓர் ஆசனத்தில் இருக்கிறது.

இனி போவதா வேண்டாமா? போகலாம். கோபுரத்தைப் பார்ப்பதால் ஒருவர் கெட்டுப் போவதில்லை. போகாமல் வீட்டிலிருப்பதால் எவரும் மீளப் போவதும் இல்லை. ஆனால் அரங்கத்தைப் பார்த்தவர் அடகுக் கடைத் தெருவையும் பார்த்துவிட்டு வர வேண்டும். பாதியைப் பார்த்து முழு ஊரையும் பார்த்ததாகச் சொல்வதுதான் பிழை.

கொழும்பில் அது சிரமமான காரியம் இல்லை. கொம்பனித்தெருவிலிருந்து வடக்கே வந்தால் புறக்கோட்டை. செட்டியார் தெருவில் நகைக் கடைகளுக்கு இடையில் அடகுக் கடைகள் இருக்கின்றன. அதைத் தாண்டினால் கொட்டாஞ்சேனை. இந்தச் சுற்றுவட்டாரத்து ரேஸ் புக்கிகளில் மத்தியானத்துக்குப் பிறகு தொலைக்காட்சி முன்னால் ஆட்கள் நிற்பார்கள். இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு, இங்கிலாந்தை ஒருபோதும் பார்க்காதவர்கள் காசு வைப்பார்கள். காலையில் மூட்டை தூக்கிய நாட்டாமிகளும் அவர்களில் உண்டு. அன்றைய கூலி கையில் இருக்கும். உள்ளே போக நூறு டொலர் தேவையில்லை; கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ காட்டச் சொல்லி வாசலில் யாரும் நிற்பதும் இல்லை.