பெயர் என்ற கூலி

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அப்படி ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை, இளையராஜாவின் ரசிகர்கள் நாற்பது ஐம்பது பேர் ஒரு சிறிய மண்டபத்தில் கூடியிருந்தார்கள். நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் நானும் போனேன். கோஷமும் மாலையுமாக இருக்கும் என்று எண்ணிப் போனவனுக்கு அங்கே காணக் கிடைத்தவை ஓர் ஒலிபெருக்கியும் பாய்களும் டீயும்தான்.

அவர்கள் பாட்டுக் கேட்கும் முறை எனக்குப் புதியது. பல்லவி முடிந்து இடையிசை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். வயலின் யார்? டிரம்ஸ் யார்? குழல் யார்? வி. எஸ். நரசிம்மன், புருஷோத்தமன், அருண்மொழி என்று பதில்கள் வரும். அருண்மொழிக்கு நெப்போலியன் என்றும் பெயர் உண்டு என்பார் ஒருவர். இன்னொருவர் மறுப்பார். மறுபடி ஓட்டிக் கேட்பார்கள். பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒருவர் அநேகமாக எதிலும் தவறவில்லை. படத்தின் டைட்டிலிலோ இசைத்தட்டின் உறையிலோ பெரும்பாலும் இடம்பெறாத பெயர்கள் இவை. அன்றைய வாசிப்புக்கு அன்றைய கூலி வாங்கிக்கொண்டு போனவர்களை, முகம் தெரியாத ஒருவர் பல வருஷங்களுக்குப் பிறகு தேடிப் பிடித்து நினைவில் வைத்திருக்கிறார். ரசிகன் என்ற சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே சொல்லி வந்திருக்கிறோம். அந்த இரவில் எனக்கு, இங்கே ஒரு நியாயம் நடந்துகொண்டிருக்கிறது என்று பட்டது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1949இல் 'மஹல்' என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. அதன் பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. கேட்டவர்கள் கேட்டதனால் கிடைத்த பெயர் அது.

ஞாயிறு காலை டீ குடிக்கும்போது கட்டிங் மாஸ்டரிடம், உங்கள் சரக்கு யார் பெயரில் போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"பையர் லேபிள்தானுங்க. நான் வெட்டறேன், பவர்டேபிள்ல அடிக்கறாங்க, அப்புறம் கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங்னு போகுதுங்க. இதுல யார் பேரைங்க போடறது?"

"தைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க கம்பெனியில அடிச்சதா இருந்தா தையலைப் பாத்தே சொல்லிருவனுங்க. யாருங்க கேக்கறாங்க?"

வயலினை இனம் கண்டுகொள்ளும் அதே கூர்மை தையலையும் இனம் கண்டுகொள்கிறது. ஒன்றைக் கேட்க ஐம்பது பேர் கூடுகிறோம். மற்றதைக் கேட்க ஆளில்லை. பாட்டு கலை, பனியன் சரக்கு என்று இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தப் பனியனும் என்னைக் கண் கலங்க வைத்ததில்லை. ஆனால் என்னைக் கலங்க வைப்பதுதான் ஒருவர் பெயர் பெறுவதற்கான தகுதி என்றால், நான் வழங்கிக்கொண்டிருப்பது நியாயம் அல்ல, பரிசு. அன்பு தேர்ந்தெடுக்கும், அது அதன் சுபாவம். நியாயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பெயர் வேறு, பங்கு வேறு. பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் தங்கள் கலையின் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ரசிகர்களின் ஞாபகசக்தி கொடுத்ததல்ல அது. இதே திருப்பூரில் 1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ரசிகர் மன்றம் இருக்கவில்லை. தங்களுக்காகத் தாங்களே கேட்டார்கள். பெயரை நாம் பிரியப்பட்டுக் கொடுக்கலாம். பங்கை உரியவன்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், பெயரைச் சொல்லிவிட்டதாலேயே கடன் தீர்ந்தது என்று சொன்னவனுக்குத் தோன்றிவிடுவதில்தான். பெயர் தெரிந்திருப்பது அவனுக்கு ஒரு அந்தஸ்தாகவும் ஆகிவிடுகிறது. அந்த மண்டபத்தில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் பிறகு எழுந்த முறுவலில் இதையும் பார்த்தேன்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. மறக்கப்பட்ட எழுத்தாளனின் பெயரை மீட்டோம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அவன் குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள் குறைவு. நான் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய இதழ்களில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக அச்சுக்கோர்த்தவர் பெயர் எதிலும் இல்லை. நானும் இதுவரை தேடியதில்லை.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: இரண்டு நாள் கூட இருந்தும் கட்டிங் மாஸ்டரின் பெயரை நான் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்டுவிடலாம், அது சுலபம். கேட்ட பிறகு அவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் இன்னும் தெளியவில்லை.