பதினாறாம் எண் யாருக்கு?

2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து இந்திய ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, டெல்லியில் நடந்த பாராட்டு விழாவில் ஹாக்கி இந்தியா அறிவித்தது: ஸ்ரீஜேஷ் போட்டிருந்த 16-ஆம் எண் சட்டைக்கும் ஓய்வு. இனி சீனியர் அணியில் யாருக்கும் அந்த எண் கிடையாது. அதே அக்டோபரில் ராணி ராம்பால் விடைபெற்றபோது அவருடைய 28-க்கும் இதே மரியாதை.

இரண்டு பேருக்கும் தகுதி இருக்கா என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அதே பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, முக்கால்வாசி ஆட்டத்தைப் பத்து பேரை வைத்தே தாங்கி, ஷூட் அவுட் வரை இழுத்துப் போய் ஜெயித்தார்களே, அதை நள்ளிரவு ரீப்ளேயில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோல் வாசலில் நின்றவருக்கு என்ன கொடுத்தாலும் தகும். என் கேள்வி வேறு. இந்த மரியாதைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

பஸ்ஸில் ஒரு பெரியவர் ஏறுகிறார். நான் எழுந்து இடம் கொடுத்தால் அது மரியாதை. நான் உட்கார்ந்தபடியே பக்கத்து சீட்டுப் பையனை எழுப்பிவிட்டு அவரை உட்கார வைத்தால்? உட்கார இடம் அவருக்கு, நல்ல பேர் எனக்கு, கால்வலி பையனுக்கு. எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதில் இந்த மூன்றாவது ஆள் இருக்கிறான். இப்போது கோவில்பட்டியில் ஏதோ ஒரு மைதானத்தில் கால்காப்பு கட்டிக்கொண்டு நிற்கிற பன்னிரண்டு வயசுப் பையன் அவன். ஸ்ரீஜேஷைப் பார்த்துத்தான் கோல்கீப்பர் ஆனான். நாளைக்கு சீனியர் அணிக்குள் வந்தால் அவன் கேட்கக்கூடிய ஒரே எண்ணை அவனிடம் கேட்காமலே பூட்டிவிட்டோம்.

"எண்தானே, வேறு ஒன்று போட்டுக்கிட்டா என்ன?" என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண் வெறும் எண் என்றால் அதைப் பூட்டி வைப்பதில் ஸ்ரீஜேஷுக்கு என்ன பெருமை? அது பெரிய விஷயம் என்றால், அந்தப் பெரிய விஷயத்தை இழக்கிறவன் அந்தப் பையன். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

எண் வெறும் எண் இல்லை என்று ஷர்துல் தாக்கூருக்குத் தெரியும். டெண்டுல்கர் தன் கடைசி ஒருநாள் போட்டியை ஆடியது 2012 மார்ச்சில். அதற்குப் பிறகு 10-ஐ யாரும் தொடவில்லை. 2017 ஆகஸ்டில் கொழும்பில் தாக்கூர் தன் முதல் ஒருநாள் ஆட்டத்துக்கு 10 போட்டு இறங்கினார். பிறந்த தேதி இலக்கங்களைக் கூட்டினால் 28, அதைக் கூட்டினால் 10, அவ்வளவுதான் அவர் கணக்கு. இணையம் அவரைக் கிழித்து எடுத்தது. அப்புறம் 54-க்குப் போய்விட்டார். முறையான தடை எதுவும் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டமே வாட்ச்மேன் வேலை பார்த்தது.

என் தொழிலில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. டேட்டாபேஸில் ஒரு பயனரை நீக்கினால் அவருடைய ஐடியை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் பழைய ரெக்கார்டுகள் எல்லாம் புது ஆளைச் சுட்டும். பழைய ஆளின் கடன் புது ஆளின் தலையில் விழும். எண்ணுக்கு ஓய்வு கொடுப்பவர்களின் ஆகச் சிறந்த வாதமும் இதுதான் என்று நினைக்கிறேன்: 16 என்றால் ஒரே முகம்தான் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் சட்டை எண் அந்த மாதிரி ஐடி இல்லை. அது வைகை எக்ஸ்பிரஸ் சீட் நம்பர் மாதிரி, யாரோ இறங்கிப்போன இடத்தில்தான் ஸ்ரீஜேஷும் ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் ஒருவரை மறக்கக் கூடாது என்றால் செய்வது இதற்கு நேர்மாறு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரன் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஒரே தெருவில் மூன்று அழகர்சாமி இருப்பார்கள்; மில்லுக்காரர், வாத்தியார், சின்னவன் என்று பிரித்துக் கூப்பிடுவோம். குழப்பம் வரும், தபால்காரர் திட்டுவார், சமாளித்துக்கொள்வோம். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மாக்காரி மட்டும் பிள்ளையை "சாமி" என்று கூப்பிடுவாள். யோசித்தால் அந்த வீட்டில் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஊர் முழுக்க அந்தப் பேர் ஓடிக்கொண்டிருக்கும்.

தை மாசம் எங்கள் ஊர் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டிக்கொண்டவர் தன் காசில் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து கூட்டத்தில் வீசுவார். யார் கையில் விழுகிறதோ அவருக்கு. சாமிக்கு என்று சொல்லிப் பழத்தைப் பூட்டி வைத்தால் அழுகத்தான் செய்யும்.

நினைவுச் சின்னமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பக்கத்துத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று ஆகோள் பூசலில் செத்த ஒருவனுக்கானது. ஊர், சம்பவம், ஆள் பேர், முடிந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தக் கல் உலகத்தில் ஒன்றைக் கூட்டியிருக்கிறது. எதையும் கழிக்கவில்லை. அவன் ஏந்திய ஆயுதத்தை இனி யாரும் ஏந்தக் கூடாது என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்றியிருந்தால் அடுத்த பூசலில் மாடும் போயிருக்கும்.

இந்தப் பழக்கம் பிறந்த வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலேயே இதை வேறு மாதிரி செய்தவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டன் அணியில் ஃபில் எஸ்போசிடோ 7-ஆம் எண்ணில் கோல் கோலாக அடித்துக் குவித்தவர். அவர் வேறு அணிக்குப் போன பிறகு அந்த எண் ரே போர்க்கிடம் வந்தது. போர்க்கும் லேசுப்பட்ட ஆளில்லை. 1987 டிசம்பர் 3 அன்று எஸ்போசிடோவின் 7-க்கு ஓய்வு கொடுக்கும் விழா. போர்க் அவர் அருகில் போனார், போட்டிருந்த 7-ஆம் எண் சட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே 77 போட்ட இன்னொரு சட்டை. எஸ்போசிடோ வாயடைத்துப் போனார். எனக்குத் தெரிந்து பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த ஒரே ஆள் போர்க்தான். எண்ணை வைத்திருந்தவரும் அவரே, விட்டுக்கொடுத்தவரும் அவரே.

இன்னொருவர் டொரோன்டோவின் ஏஸ் பெய்லி. 1933 டிசம்பரில் பாஸ்டனில் எடி ஷோர் பின்னாலிருந்து மோதியதில் பெய்லியின் மண்டை ஓடு உடைந்தது. பிழைத்ததே பெரிய விஷயம். ஆட்டம் அதோடு முடிந்தது. 1934 பிப்ரவரியில் அவருக்காக நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடத்தினார்கள். அங்கே ஷோரும் வந்திருந்தார், பெய்லி அவருக்குக் கை கொடுத்தார். அந்த லீகில் ஓய்வு பெற்ற முதல் எண் பெய்லியின் 6. முப்பத்து நான்கு வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. 1968-இல் பெய்லியே முன்வந்து, ரான் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டம் பிடித்துப்போய், என் எண்ணை அவன் போடட்டும் என்றார். எல்லிஸ் 1981 வரை 6 போட்டு ஆடினார்.

நம் ஆட்களும் இதை ஓரளவு யோசித்திருக்கிறார்கள். எண்ணுக்கு ஓய்வு சீனியர் அணியில் மட்டும்தான், ஜூனியரில் 16 இருக்கும், அங்கே பயிற்சியாளராகப் போகும் ஸ்ரீஜேஷ் இன்னொரு ஸ்ரீஜேஷை உருவாக்குவார் என்று ஹாக்கி இந்தியா பொதுச் செயலாளர் போலா நாத் சிங் அன்றைக்கே சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இன்னொரு ஸ்ரீஜேஷ் சீனியர் அணிக்குத் தேறிய அன்றைக்கு அவனிடம் என்ன சொல்வோம்? நல்லா ஆடினே, சட்டையைக் கழட்டு என்றா?

கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரடெரிக் 1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கிய அணியின் கோல்கீப்பர். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மலையாளி. தியான்சந்த் விருது அவருக்கு வந்து சேர்ந்தது 2019-இல், நாற்பத்தேழு வருஷம் கழித்து. 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் நம் வி. பாஸ்கரன். அதற்குப் பிறகு இன்று வரை ஹாக்கியில் நமக்குத் தங்கம் இல்லை. அவர் என்ன எண் போட்டிருந்தார் என்று இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்? எண்ணைப் பூட்ட ஒரு அறிவிப்பு போதும், அன்றைக்கே முடிந்துவிடும். நாற்பது வருஷம் ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் செலவாகும்.

பெய்லியின் எண் ஓய்வு பெற்றதற்கும் அவரே அதை எடுத்துக் கொடுத்ததற்கும் நடுவில் முப்பத்து நான்கு வருஷம். அதே கணக்கில் 16-க்கு 2058. அப்போது ஸ்ரீஜேஷுக்கு எழுபது வயசு இருக்கும்.