ஒரு சிறு மேசைக்கு எந்த மரம்?

சுவாத்தியாயம் செய்ய ஒரு மேசை வேண்டும், அதனை நம் கையாலேயே செய்துகொள்வோம் என்று இல்லறத்தார் எண்ணுவது நன்று. தரையில் அமர்ந்து படிப்பதற்கு 2 அடி நீளம், 1½ அடி அகலம், 1 அடி உயரம் போதும். ஓரங்குலப் பலகையும் நான்கு கால்களும் சட்டங்களும் சேர்ந்து அரைக் கன அடி மரத்திற்குள் அடங்கிவிடும். மிகுபொருள் விரும்பாமைக்கு இஃது ஒத்ததே. ஆயினும் அந்த அரைக் கன அடி எங்கிருந்து வருகிறது என்னும் வினா சிறியதன்று.

மரம் ஓரறிவுயிர் என்பது நம் ஆகமம் மட்டுமன்று, தொல்காப்பியமும் கூறுவதே. ஓரறிவுயிர்க்குச் சிறிதும் ஊறு செய்யாது இல்லறம் நடத்தல் இயலாது. ஆகவே அணுவிரதம் அவ்வளவிற்குச் சாவகர்க்கு இடம் தருகிறது. பயனின்றிச் செடி கொடிகளை வெட்டுதலையோ அநர்த்த தண்டம் என விலக்குகிறது சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம். மேசை பயனுடையதுதானே, பின் என்ன தடை என்பர் சிலர். தடை வேறோரிடத்தில் உள்ளது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. வெட்டிக் கிடக்கும் பலகையை வாங்குவோன் தான் வெட்டவில்லை, வெட்டச் சொல்லவும் இல்லை. உடன்பட்டானா?

திருவண்ணாமலையில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்து, அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. அவ்வாறு வீழ்த்தப்பட்ட மரம் ஒன்று மலிவாக விலைக்கு வருமாயின் வாங்கலாமா? சாலைக்காக வெட்டினர், நமக்காக அன்று. ஆகவே நம்மேல் வினையில்லை என்பது ஒரு வாதம். நாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. வாங்க ஆளுண்டு என்னும் உறுதி, வெட்டுவோரின் கணக்கில் முன்னரே சேர்ந்துவிடுகிறது. புயலில் சாய்ந்த வேம்பின் நிலை அதுவன்று. காற்று எவரிடமும் விலை பேசுவதில்லை.

எனினும் நாம் முதலிடம் தருவது பழைய வீட்டு மரத்திற்கே. போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கத்து நம்மவர் ஊர்களில் ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது தேக்கு உத்திரமும் நிலையும் கதவும் கிடைக்கின்றன. அவற்றைக் கொள்வதால் புதிதாக ஒரு மரமும் விழுவதில்லை. பாட்டன் காலத்துக் கதவில் ஆணித்துளை இருக்கும். மேசை காட்சிக்கன்று, இருக்கட்டும்.

உறுதியையும் நோக்க வேண்டும். மலிவென்று மாம்பலகையை எடுத்தால் சில ஆண்டுகளில் உளுக்கும், கறையானும் ஏறும். பின் பூச்சிக்கொல்லி பூசுவோம். கறையான் மூவறிவுயிர். சிக்கனம் கருதித் தொடங்கியது எண்ணற்ற கொலையில் முடியும். வைரம் பாய்ந்த தேக்கும் கசப்புடைய வேம்பும் அதற்கு எளிதில் இடங்கொடா.

நல்ல மரத்தைத் தேர்ந்தவரும் மெருகிலும் பசையிலும் வழுவிவிடுவதுண்டு. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கு. கொம்பிலிருந்து அதனைச் சுரண்டும்போது அரக்குப் பூச்சிகளும் மடிகின்றன. தேனை விலக்கிய நாம் தேன்மெழுகைத் தேய்ப்பதும் பொருந்தாது. தச்சர் முன்பு காய்ச்சிய வச்சிரம், விலங்கின் தோலும் எலும்பும். துளையில் கழுந்தைச் செருகி மூங்கில் ஆணி இறுக்கினால் பசையே வேண்டாம். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். துணியில் தொட்டு மெல்லிதாகத் தேய்த்து, ஓரிரு நாள் உலரவிட்டு, மீண்டும் ஒருமுறை தேய்க்கலாம். அத்துணியைச் சுருட்டி மூலையில் போடாது வெளியில் விரித்து உலர்த்துக. சுருட்டிய எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பற்றும்.