பழியும் பொறுப்பும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழியைக் கேட்டு நகைக்காதவர் இல்லை. தம் வாழ்வில் ஒருமுறையேனும் கூடத்தைக் குறை கூறாதவரும் இல்லை. மகன் தேர்வில் தவறினால் ஆசிரியர் மீது பழி. வணிகம் நொடித்தால் கூட்டாளி மீது பழி. எவரும் அகப்படாவிட்டால், இருக்கவே இருக்கிறது நஸீபு! பழியைப் பிறர் தோளில் ஏற்றியதும் மனம் இலேசாகிவிடுகிறது; உண்மைதான். ஆனால், அப்பழியோடு தவற்றைத் திருத்தும் உரிமையையும் நாம் பிறரிடமே ஒப்படைத்து விடுகிறோம்.

பொறுப்பேற்றல் இன்னதென்பதற்கு நம் நாட்டு விண்வெளி வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் முதன்முறையாக விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் திட்ட இயக்குநர், இராமேசுவரம் ஈன்ற அப்துல் கலாம். ஏவுமுன் கணிப்பொறி தடை காட்டியது. அஞ்ச வேண்டியதில்லை என்று வல்லுநர்கள் கூறவே, கலாம் தடையை மீறி ஏவ முடிவு செய்தார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு குலைந்து, ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. பல்லாண்டு உழைப்பு சில நிமிடங்களில் நீரில் கரைந்தது.

"வல்லுநர் சொன்னார்கள், செய்தேன்" என்று கலாம் ஒதுங்கியிருக்கலாம். அவரோ, முடிவெடுத்தவர் தாமே என்பதைப் பிற்காலத்தில் மேடைகளில் மறைக்காது சொன்னார். "முடிவு கலாமுடையது" என்று இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானும் கைகாட்டியிருக்கலாம். அவரோ செய்தியாளர்முன் தாமே சென்று, தோல்வியின் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-இல் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளரைச் சந்திக்கும் பேற்றைக் கலாமிடம் அளித்தார்.

தடையை மீறியவர் தவான் அல்லர். எனினும், குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. சீர்செய்யும் கடமை யாருடையது என்பது வேறொரு கேள்வி. நாம் முதற்கேள்வியிலேயே தேங்கி நிற்கிறோம். அவர் இரண்டாவதற்கு விடையாக முன்வந்தார். தலைவன் பழியைத் தாங்கும்போதுதான் கீழுள்ளவர் அச்சமின்றி வாய் திறப்பர். பிழை எங்கே நேர்ந்தது என்பதும் அப்போதுதான் வெளிவரும். பழிக்கு அஞ்சும் இடத்திலோ, ஒவ்வொருவரும் தம் தடயத்தையே முதலில் அழிப்பர்.

இல்லத்திற்கும் இது பொருந்தும். ஆசிரியர் அக்கறையற்றவராகவே இருக்கலாம். அவரிடம் நியாயம் கேட்பதும் நம் கடமையே. பொறுப்பேற்றல் என்பது அநீதிக்குத் தலைகுனிவதன்று. ஆயினும், மகனின் ஏட்டை நாம் எத்தனை நாள் திறந்து பார்த்தோம் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்ல முடியாது. அக்கேள்வியைத் தந்தை மகன் எதிரிலேயே தம்மிடம் கேட்டுக்கொள்வாராயின், "நான் எத்தனை நாள் படித்தேன்?" என்று மகனும் தன்னைக் கேட்கத் தொடங்குவான். நூறு அறிவுரையாலும் வாராத பழக்கம் இது. பெற்றோரிடம் கண்டே பிள்ளைகள் கற்பர்.