ஆளில்லாத கரை

தனுஷ்கோடியை மார்கழி மாலையில் எடுத்த படங்களில் பத்தைப் பார்த்துவிட்டால், பதினொன்றாவது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கூரை போன தேவாலயச் சுவர்கள். கணுக்கால் அளவு நீரில் தலைகீழாகக் கிடக்கும் வானம். ஊதாவும் சாம்பலுமாக மேகங்கள். தொலைவில் ஒரு வரிசை பூநாரைகள். மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். படத்துக்குக் கீழே எழுதப்படும் வாசகமும் அநேகமாக ஒன்றுதான்: இது இந்த உலகமே இல்லை.

அழகான படங்கள்தான், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி அந்த வாசகத்தைப் பற்றியது. ஓர் இடத்தை வேறு உலகம் என்று சொல்லும்போது, அங்கே இருப்பவர்களை எந்த உலகத்தில் வைக்கிறோம்?

படத்தில் ஆளில்லாமல் போவது தானாக நடப்பதில்லை. அதற்கு வேலை செய்ய வேண்டும். நம் ஊர் அந்தி குறுகியது. டிசம்பரில் அங்கே 6 மணியையொட்டிச் சூரியன் மறைகிறது, அதற்குப் பிறகு கையில் இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிட வெளிச்சம். அந்த நேரத்தில் முக்காலியை மணலில் ஊன்றி, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஃபில்டரை மாட்டி, ஷட்டரை 30 வினாடி திறந்து வைப்பார்கள். அலைகள் உருவம் இழந்து பனிமூட்டம்போல் ஆகிவிடும். வேற்றுலகத் தன்மை என்று நாம் வியப்பதில் பாதி இந்த 30 வினாடிதான். அதே 30 வினாடிக்குள் குறுக்கே நடந்து போகிறவர்கள் படத்தில் பதிவதில்லை. நிற்பது தங்கும், நகர்வது அழியும். இடிந்த சுவர் தங்கும், கூடையோடு கடந்து போனவள் அழிவாள்.

இது புகைப்படக் கலையின் பிறவிக் குணம். 1838இல் டாகேர் பாரிஸின் பரபரப்பான சாலை ஒன்றை மாடி ஜன்னலிலிருந்து படமெடுத்தார். ஒளி பதிய பல நிமிடங்கள் தேவைப்பட்ட காலம். வண்டிகளும் குதிரைகளும் நடந்தவர்களும் காணாமல் போனார்கள். பட்டப்பகலில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒருவர் மட்டும் தங்கிவிட்டார், காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்றவர். குனிந்து பாலிஷ் போட்டவர் அவர் காலடியில் ஒரு கலங்கலாகத் தெரிகிறார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். முதல் படத்திலேயே வேலை வாங்கியவர் தெரிகிறார், வேலை செய்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. கருவிக்கு உள்நோக்கம் கிடையாது. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு உண்டு.

தனுஷ்கோடியின் வெறுமைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலும் எழுந்த கடலும் அந்த ஊரைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. அதன்பின் அரசாங்கம் அந்த இடத்தை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. ஓலைக் குடிசை போட்டன, கரைவலை இழுத்தன, பிள்ளை பெற்றன. இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மணலைத் தோண்டி ஊற்று கண்டு, அகப்பையால் மொண்டு குடம் நிரப்பியவர்கள் பெண்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதுவரை ஜீப்பும் வேனும் மட்டும் போன மணலில் எங்கள் கேமராக்களும் சுலபமாக வந்து இறங்கின. ‘பேய் நகரம்’ என்ற பெயர் முன்னைவிடப் பிரபலமானது.

வாழத் தகுதியற்றது என்ற உத்தரவும், ஆளில்லாத அழகிய படமும் ஒன்றையொன்று ஆமோதிக்கின்றன. இதை அழகியல் விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பேய்களுக்குக் குடிநீர்க் குழாய் தேவையில்லை, மின்கம்பம் தேவையில்லை, பட்டா தேவையில்லை. இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய மக்களைப் பற்றி, இங்கே யாரும் இல்லை என்று ஆயிரம் படங்கள் சாட்சி சொல்கின்றன.

இத்தோடு முடித்துக்கொண்டால் இது ஒரு சுலபமான கட்டுரையாகிவிடும். கேமராவைப் பிடித்திருப்பது ஒரு பெண் என்றால் கணக்கு சிக்கலாகிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நமக்குத் தெரிந்த அந்தி ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்தது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் இருந்தது. அண்ணனும் தம்பியும் கடற்கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு இரவு வந்து சோறு கேட்டார்கள். அந்தச் சும்மாவுக்கு நமக்கு அனுமதி இல்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் கேட்டது இதைத்தான்: காரணம் எதுவும் காட்டாமல் ஒரு பெண் ஏன் பொது இடத்தில் நிற்க முடிவதில்லை? கழுத்தில் தொங்கும் கேமரா அப்படி ஒரு காரணம். “தனியா என்னம்மா பண்ற?” என்று கேட்கிறவர்களுக்கு முக்காலி பதில் சொல்லிவிடும்.

அதனால், ஆளில்லாத அந்திக் கடற்கரையை ஒரு பெண் ஆசைப்பட்டுப் படமெடுப்பதை, நிலத்தைத் தனக்கென்று வளைத்துப் போடும் ஆணின் பார்வையோடு நான் ஒன்றாக வைக்கமாட்டேன். யாரும் என்னைப் பார்க்காத ஓர் இடத்தில் நான் பார்த்துக்கொண்டு நிற்பது நமக்குக் கிடைக்காத சுகம். அந்த ஆசை நியாயமானது. அது எப்படி நிறைவேறுகிறது என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடற்கரையில் ஆண்கள் மட்டும் இருந்தால் நமக்கு ஒரு பயம், யாருமே இல்லாவிட்டால் வேறொரு பயம். மார்கழி மாலையில் நான் அங்கே நிம்மதியாக முக்காலி வைத்து நின்றிருக்கிறேன் என்றால், நூறடி தள்ளிப் பெண்கள் உட்கார்ந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்ததால்தான். அவர்கள் இருந்தார்கள், ஆகவே என்னால் தனியாக இருக்க முடிந்தது. அவர்கள் தந்த தைரியத்தில் எடுத்த படத்தில் அவர்கள் இல்லையென்றால், அந்தப் படம் சொல்லும் தனிமை பொய்.

அங்கே வலையில் வந்த பொடிமீனைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூத்த பெண்மணி, நான் லென்ஸ் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, கையை நிறுத்தாமலே கேட்டார்: “ஏம்மா, நாங்க தள்ளிக்கிறணுமா? செல பேரு தள்ளச் சொல்லுவாக. செல பேரு கூடையத் தலையில தூக்கிட்டு நிக்கச் சொல்லுவாக. நீ என்ன சொல்லப் போற?”

குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. பழகிப்போன ஒரு வேலையின் விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் புகைப்படக் கலை அவருக்கு இதுவரை தந்திருக்கும் இடங்கள் அந்தக் கேள்வியில் முழுதாக இருந்தன. ஒன்று, இல்லாமல் போ. அல்லது, கூடையோடு நில்.

இரண்டாவது இடம் மரியாதையானது என்று தோன்றலாம். அப்படியில்லை. சூரியனுக்கு எதிரே நிறுத்தி எடுக்கும்போது முகம் கறுத்து வெறும் நிழலுருவாகிவிடும். இடுப்பின் வளைவு, தலையில் கூடை, காற்றில் சேலை முந்தானை மிஞ்சும். யார் என்பது போய்விடும், பெண் என்பது மட்டும் நிற்கும். பல போட்டிகளில் பரிசு வாங்கும் படம் இது. பேய் நகரத்தில் அவள் இல்லை, இந்தப் படத்தில் அவள் யாருமில்லை.

அந்திக் கடற்கரையில் பெண்ணை எப்படி நிறுத்துவது என்பது தமிழுக்குப் புதிய சிக்கல் அல்ல. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் வேளை. உரிப்பொருள் இரங்கல். பொழுது சாய்கையில் கரையில் நிற்கும் பெண் என்றால் அவள் ஒருவனுக்காக ஏங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே நெய்தல் பாட்டுகளில் மீன் உணக்கல் காக்கப் பறவை ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள், உப்பு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். நற்றிணையின் ஒரு பாட்டில், தேரில் வருகிற செல்வனைத் தோழி தங்கள் உடம்பின் மீன்வாடையைச் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்கிறாள். தள்ளிக்கொள்ள வேண்டியது யார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

கடலுக்கே அங்கே பால் பிரித்திருக்கிறார்கள். வடக்கே இருப்பது அமைதியான பெண் கடல், தெற்கே இருப்பது சீறும் ஆண் கடல். மீனவர்களுக்குத் தெரியும், இது பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண் கடல்தான் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்து எந்தக் கரையிலிருந்து தொழிலுக்குப் போவது என்று மாற்றிக்கொள்வார்கள். மார்கழிச் சூரியன் தென்மேற்கில், அடங்கிக் கிடக்கும் ஆண் கடலின் பக்கம் இறங்குகிறது. அதை எடுக்க நாங்கள் எல்லோரும் பெண் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறோம். அந்த இரைச்சல் படத்தில் விழுவதில்லை.

அப்படியானால் கேமராவை மூட்டை கட்டிவிடலாமா? வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் ஓர் உழைக்கும் பெண்ணைக் கட்டாயம் நிறுத்து என்றும் நான் சொல்லவரவில்லை. அது அவர் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவதுதான். படமெடுக்க வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. நான் கேட்பது தனிமையையும் ஆளின்மையையும் பிரித்தறிய வேண்டும் என்பது. தனிமை என் நிலையைச் சொல்கிறது. ஆளின்மை இடத்தைப் பற்றிய தீர்ப்பு. “நான் இங்கே தனியாக நின்றேன்” என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. “இங்கே யாரும் இல்லை” என்று சொல்ல, அங்கே வாழ்கிறவர்கள் இருக்கும்வரை, எனக்கு உரிமை இல்லை.

இந்த வித்தியாசம் படத்தில் தெரியும். கரைவலையின் கயிறு சட்டத்துக்குள் ஓடி வெளியே போகலாம், அதை யாரோ இழுக்கிறார்கள் என்று தெரியும். மணலில் தோண்டிய ஊற்றில் அந்த ஊதா வானமே விழுந்திருக்கலாம். 30 வினாடியைக் குறைத்தால் அலை அலையாகவே இருக்கும், நடப்பவர் நடப்பவராகவே இருப்பார். தலைப்பில் பேய்க்குப் பதிலாக ஊரின் பெயர் இருக்கலாம். அழகு இதனால் குறையும் என்றால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் மற்றவர் கணக்கிலிருந்து நாம் எடுத்தது.

விளக்கு வைத்த பிறகும் வெளியே நிற்கும் உரிமையைக் கேட்டு வந்தவர்கள் நாம். அந்த நேரத்தில் வெளியே நின்றே பிழைத்த பெண்கள் நமக்கு முன்பே அந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தி கிடைத்தது சலுகையாகவோ போராட்டத்தின் பலனாகவோ அல்ல, வலை கரைக்கு வரும் நேரமாக. நமக்குக் கிடைத்த அந்தி அவர்களை வெட்டியெடுத்த அந்தியாக இருந்தால், நாம் வாங்கியது விடுதலை ஆகாது, நல்ல இருக்கை மட்டும்தான்.