பால்கனியில் தொங்கும் சைக்கிளை இறக்கு!

உன் சைக்கிள் எங்கே?

பால்கனிச் சுவரில் தொங்குகிறதா? அதன் மேல் துணி காய்கிறதா? டயரில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தாய்?

ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "கோலாலம்பூர் போதும். கோலப் பிலா பக்கம் போய்விடுவேன். ஏரி ஓரமாக ஒரு சின்ன வீடு. விடிந்தால் சைக்கிள்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் காலை நீ மீண்டும் நெடுஞ்சாலை நெரிசலில், முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஏன் இன்னும் போகவில்லை?

வீடு கிடைக்கவில்லையா? எத்தனை வீட்டைப் போய்ப் பார்த்தாய்? தூரமா? சிரம்பானிலிருந்து கோலப் பிலா சுமார் 40 கிலோமீட்டர். அது ஒரு தூரமா?

உள்ளதைச் சொல். வீடு தடையில்லை. தூரமும் தடையில்லை. நீ பயப்படுகிறாய்!

பயப்படு. பரவாயில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு "குடும்பப் பொறுப்பு" என்றும் "நேரம் வரட்டும்" என்றும் அழகான பெயர் வைக்காதே.

உன் தாத்தா யார்? லாபுவிலோ, லிங்கியிலோ, ஜெராம் பாடாங்கிலோ பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்றவர். நெற்றியில் விளக்கு, கையில் உளி, சுற்றிலும் கொசு.

ஏன் இருட்டில் போனார்? வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும். குளிர்ந்த வேளையில் நிரையை முடித்தால்தான் மங்கு நிறையும். மரம் அவருக்காகக் காத்திருக்காது.

பாலைக் காண்டாக் கம்பில் தோள் காய்க்கச் சுமந்தார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு சைக்கிள் வாங்கினார்கள். கேரியரின் இரு பக்கமும் பால் வாளி. கியர் கிடையாது. தார்ச்சாலை கிடையாது. செம்மண் பாதை, மழையில் வழுக்கும் மேடு.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. "இன்றைக்கு மனசு சரியில்லை" என்று போர்த்திக்கொண்டு படுக்க அவருக்கு வழி இருந்ததா?

அந்த வாழ்க்கை இனித்தது என்று நான் சொல்ல மாட்டேன். லயத்து வீட்டின் ஈரச் சுவரும், கங்காணியின் அதட்டலும், ஆயாக் கொட்டகையில் விட்டு வந்த பிள்ளையின் அழுகையும் யாருக்கும் இனித்ததில்லை.

ஆனால் அந்தக் கால்களில் இருந்த வலு உன் கால்களுக்கு வரக்கூடாது என்று யார் விதித்தது?

நீ விதித்தாய்! நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நீயே விதித்தாய்!

ஒரு கணக்கைச் சொல்கிறேன், தப்பிக்காமல் கேள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது: மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில்? 31.4 விழுக்காடு!

நம்மவர் மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தால், ஏறக்குறைய அவர்களில் ஒருவருக்கு. அந்த மேசையில் நீ எந்த நாற்காலி?

இதைப் படித்த பிறகும் "அடுத்த வருடம்" என்பாயா?

"பணம் இல்லை" என்கிறாய்.

1960-ஆம் ஆண்டைத் திரும்பிப் பார். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம். துண்டாடினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஒரே நாளில் இரண்டும் போகும்.

துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. யாரிடம் பணம் கேட்டார்? முதலாளியிடமா? பால்மரம் வெட்டியவர்களிடம் கேட்டார்! பத்துப் பத்து வெள்ளியாக!

அவர்கள் கொடுத்தார்கள். தகர டின்னிலும் சேலை முடிச்சிலும் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். கூலிக்கு நின்றவர்கள் நிலத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்!

அவர்கள் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். நீ ஒரு சிற்றூரில் வாடகை வீடு பிடிக்கத் தயங்குகிறாய். கோலாலம்பூரில் கொடுக்கும் வாடகையை ஒரு தாளில் எழுது. கார் நிறுத்தக் கொடுப்பதை எழுது. டோலை எழுது. பெட்ரோலை எழுது. கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வா!

"வேலை என்ன ஆகும்?"

எல்லா வேலையையும் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் மருத்துவமனைத் தாதிக்கும் இந்தக் கேள்வி உண்மையான கேள்வி. அவர்கள் சிரம்பானிலோ பகாவிலோ வேறு இடம் தேட வேண்டும். தேடினால் நேரமாகும். தேடாவிட்டால் எத்தனை வருடமானாலும் கிடைக்காது!

ஆனால் நீ? மடிக்கணினியைத் திறந்தால் உன் அலுவலகம் திறக்கிறது. பிறகென்ன?

அமெரிக்காவில் பல ஆண்டு வாழ்ந்த ஸ்ரீதர் வேம்பு, 2019-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்துக்குக் குடிபோனார். ஸோஹோ என்ற உலக நிறுவனத்தை அங்கிருந்தே நடத்தினார். வயலுக்கும் குளத்துக்கும் நடுவே சைக்கிளில் போகிறார். கிராமத்துக்குப் போனால் தொழில் முடிந்துவிடும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

"நான் பெண். ஊர் என்ன சொல்லும்?"

தங்கையே, ஊர் சொல்வதைப் புதுக்கோட்டைப் பெண்கள் கேட்டு முடித்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது!

1990-களின் தொடக்கம். அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிளையும் அதில் சேர்த்தார். வயலில் நின்றவர்களும் கல்குவாரியில் நின்றவர்களும் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். கேலி செய்தார்கள், ஏறினார்கள். விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள்.

பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோனது. ஆண்கள் சைக்கிளைக் கொடு என்றார்கள். அதில் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்றார்கள்!

சாக்கைத் தேடியவளுக்கு அந்தக் கம்பி தடை. போக நினைத்தவளுக்கு அது பிள்ளையின் இருக்கை. நீ எந்தப் பக்கம்?

"சாலை ஆபத்து" என்கிறாய். இதை மட்டும் நான் தள்ளமாட்டேன். செம்பனைக் குலை லாரி வளைவில் வரும். நாய் துரத்தும். பிற்பகலில் மழை கொட்டும்.

அதனால் என்ன செய்ய வேண்டும்? விடிந்ததும் புறப்படு, வெயிலுக்கு முன் திரும்பு. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். தலைக்கவசம் இல்லாமல் வாசலைத் தாண்டாதே. காதில் பாட்டு வேண்டாம். லாரியின் சத்தம்தான் உனக்குப் பாட்டு. மாற்று டியூபும் காற்றுப் பம்பும் இல்லாமல் பத்துக் கிலோமீட்டர்கூடப் போகாதே. அவ்வளவுதான்! ஆபத்துக்குத் தயாராவது ஒன்று, ஆபத்தைச் சொல்லிப் படுத்துக்கொள்வது வேறொன்று.

இந்த மண் இதைவிடப் பெரிய ஆபத்தைப் பார்த்தது. இதே நெகிரி செம்பிலானில், 1942 ஜனவரி 14 அன்று, கெமிஞ்சே ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் வந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலிய வீரர்கள் பாலத்தோடு தகர்த்தார்கள். பிறகு தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை.

அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி வந்த மண்ணில் உனக்கு இன்று காலை ஆறரை மணிக்கு வெறும் சாலை கிடக்கிறது. யாரும் சுடமாட்டார்கள். யாரும் இழுத்துப் போகமாட்டார்கள். போகலாம் வா என்று கிடக்கிறது. நீ போர்வையை இழுத்துக்கொள்கிறாய்!

இப்போது பெரிய பயத்துக்கு வருகிறேன். நீ யாரிடமும் சொல்லாத பயம்.

உனக்கு அமைதியைக் கண்டால் பயம்.

ஆம்! ஏரிக்கரை வேண்டும் என்கிறாய். சுங்கை தெரிப் நீர்த்தேக்கத்தின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாய். ஆனால் கடைகள் சீக்கிரமே அடைக்கும் ஊரில், சில்வண்டுச் சத்தம் மட்டும் கேட்கும் இரவில், தனியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாயா?

உன் குரல் உனக்குக் கேட்கும். நெரிசலைக் குற்றம் சொல்ல முடியாது. மேலாளரைக் குற்றம் சொல்ல முடியாது. நேரமில்லை என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே நேரம் இருக்கும்!

இத்தனை நாள் உன் தோல்விகளை நகரத்தின் இரைச்சலுக்குள் ஒளித்து வைத்திருந்தாய். ஏரிக்கரையில் ஒளிக்க இடமில்லை.

அதற்காகத்தான் நீ அங்கே போக வேண்டும்!

தூங்குவதற்குப் போகாதே. ஓய்ந்து சாய்வதற்குப் போகாதே. முதல் வாரம் கை பரபரக்கும். இரண்டாம் வாரம் திரும்பிவிடலாமா என்று தோன்றும். தோன்றட்டும். சைக்கிளை எடு. புக்கிட் தங்காவுக்குப் போ.

சிரம்பானிலிருந்து ஜெலெபு போகும் அந்த மலைச்சாலை உனக்குத் தெரியுமே. காரில் போகும்போது வயிற்றைக் குமட்ட வைக்கும் வளைவுகள். அதையே காலால் ஏறு!

முதல் தடவை முடியாது. சொல்லிவிடுகிறேன், முடியாது! மூச்சு முட்டும். தொடை எரியும். மிகச் சின்ன கியருக்கு வந்த பிறகும் சக்கரம் நகராது. இறங்கிவிடுவாய். தள்ளிக்கொண்டு நடப்பாய். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் உன்னைத் தாண்டிப் போவார்.

அவமானமா? எங்கே அவமானம்? நீ இறங்கிய வளைவை நினைவில் வை. அடுத்த வாரம் அதற்கு அடுத்த வளைவில் இறங்கு. மலை ஒரு அடிகூட உயரப்போவதில்லை. வளர வேண்டியது நீ மட்டும்தான்!

நீலாய்க்குப் போயிருக்கிறாயா? ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த வட்டாரம். அங்கே இன்று தேசிய சைக்கிளோட்ட அரங்கம் நிற்கிறது. 2017 சீ விளையாட்டுக்காகக் கட்டியது. 250 மீட்டர் மரப்பலகைத் தளம்.

அப்படியொரு பலகைத் தளத்தில்தான், 2011 பிப்ரவரியில், மான்செஸ்டரில், நம் நாட்டுச் சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் விழுந்தார். கெய்ரின் போட்டி, எல்லைக்கோடு கண்ணுக்கு முன்னால். பலகையிலிருந்து பெயர்ந்த மரச்சிம்பு அவருடைய கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்து நின்றது. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்!

என்ன செய்தார்? எழுந்தார். சைக்கிளில் ஏறினார். காலில் மரத்தோடு கோட்டைக் கடந்தார். மூன்றாம் இடம்!

திரெங்கானுவில் டுங்குன் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். குள்ளம் என்று சொன்னார்கள். ஊரை விட்டு மெல்பர்னில் போய்க் குடியிருந்து பழகினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2017-இல் உலகச் சாம்பியன். தோக்கியோவில் வெள்ளி. 2022-இல் இதயத்தில் அறுவைச் சிகிச்சை. முடிந்தது என்று நினைத்தாயா? மறுபடி வந்தார்!

2024 பாரிஸ். கெய்ரினில் முன்னால் போகும் டெர்னி வண்டியை, அது விலகுமுன் முந்திவிட்டார் என்று முதல் சுற்றிலேயே தகுதி நீக்கம். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் போனது. அதனால் அவர் வாங்கிய பதக்கங்கள் உருகிவிட்டனவா?

நம் பெயரும் அந்த வரிசையில் உண்டு. முருகையன் குமரேசன். 1988 சியோல், 1992 பார்சிலோனா, இரண்டு ஒலிம்பிக். பதக்கம் வரவில்லைதான். ஆனால் மலேசியச் சட்டை போட்ட ஒரு தமிழர் ஒலிம்பிக் தளத்தில் உலகத்தோடு போட்டியிட்டார்! உன் பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரியுமா? இன்றிரவு சொல்லு.

உன்னை நான் ஒலிம்பிக்குக்குப் போகச் சொல்லவில்லை. உலு பெண்டூல் வரை போகச் சொல்கிறேன். அங்ஸி மலையடியில் ஆற்றுத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வரச் சொல்கிறேன். அதுகூட முடியாதா?

வயது நாற்பத்தைந்தா? ஏறு. ஐம்பத்தெட்டா? மருத்துவரைப் பார்த்து, இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு, மெதுவாக ஏறு. உடம்பு கனமா? அந்தக் கனத்தோடு ஏறு. இளைத்த பிறகு ஏறலாம் என்றால் எப்போது இளைப்பாய்?

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டும் என்று காத்திருக்காதே. இருப்பதைத் துடை. செயினுக்கு எண்ணெய் போடு. பிரேக் கட்டையைப் பார். அந்த ஊர்க் கடைக்காரர் மிச்சத்தைச் சரிசெய்து கொடுப்பார்.

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடு. குடும்பத்தை உட்கார வைத்துக் கணக்கைக் காட்டு. பிள்ளைக்குப் பள்ளி எது, அம்மாவுக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம், இணையம் வருகிறதா. மூன்றையும் நேரில் போய்ப் பார். பார்த்த பிறகு சரிவராது என்று முடிவெடுத்தால் அதை மதிக்கிறேன். பார்க்காமலே முடிவெடுப்பதை மதிக்க மாட்டேன்!

வருகிற ஞாயிறு காலை சிரம்பானில் இரு. கோலப் பிலாவில் வாடகை வீட்டுக்கான எண் உன் கைப்பேசியில் எவ்வளவு காலமாகக் கிடக்கிறது? அந்த வீட்டுக்காரரை இன்றிரவே கூப்பிட்டு, ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்.