அழகின் பொருட்டு ஓர் ஊசி

தஞ்சைக் கரந்தை ஜினாலயத்தில் வழிபாடு முடித்து அமர்ந்திருந்தோம். சென்னையில் பணிபுரியும் உறவுப்பெண் ஒருத்தி தயங்கியவாறு அருகில் வந்தாள். "பெரியப்பா, கெண்டைக்கால் மெலிய ஊசி போடுகிறார்களாம். போட்டுக்கொண்டால் பாவமா?" என்று கேட்டாள். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் ஆராய்ந்து தெளிந்ததை வாசக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் மருந்தை அறிவோம். 'போடாக்ஸ்' முதலிய பெயர்களில் விற்கப்படும் இது, குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் சுரக்கும் நச்சாகும். கெட்ட உணவின் வழியே உடலில் சேர்ந்தால் மூச்சுத் தசைகளையும் முடக்கி உயிரைப் பறிக்க வல்லது. அதனையே மிக நுண்ணிய அளவில் ஆடுசதையில் செலுத்தினால், நரம்பின் கட்டளை தசையை எட்டாது தடைபடுகிறது. வேலையற்ற தசை சில வாரங்களில் மெலிகிறது. தென்கொரியாவில் பரவலான இப்பழக்கம் இன்று நம் பெருநகரங்களையும் எட்டியுள்ளது.

நன்மையை மறைப்பது நேர்மையன்று. கத்தி வைக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. தசையால் பருத்த கால் ஓரளவு மெலிகிறது. கூச்சத்தால் குன்றிய மனம் நிமிர்கிறது. ஆயினும் பயன் சில மாதங்களே. நரம்பு முனைகள் மீண்டும் தளிர்த்ததும் தசை பழைய நிலையை அடையும். மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. கொழுப்பாலோ வீக்கத்தாலோ பருத்த காலுக்கு இதனால் பயனில்லை. கும்பகோணம் வட்டாரம் நெடுங்காலம் யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றிருந்ததை நாம் அறிவோம். ஒரு கால் மட்டும் பருத்திருப்பின் முதலில் காரணத்தைக் கண்டறிவதே அறிவுடைமை.

தீங்குகளும் உள. படியேறவும் விரைந்து நடக்கவும் கால் தளரலாம். இரு கால்களும் ஒத்திராது போகலாம். மெலிந்த தசைக்கு ஈடாக அருகிலுள்ள தசை புடைக்கலாம். அரிதாக நச்சு பிற உறுப்புகளுக்குப் பரவி, விழுங்கவும் மூச்சு விடவும் இடர் தரலாம். இதனை மருந்துப் பெட்டியிலுள்ள குறிப்பேட்டில் கட்டமிட்டு எச்சரிக்குமாறு 2009ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணையிட்டது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தசைத் தளர்ச்சி நோயுற்றோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். பாதத்தில் தேங்கும் குருதியை இதயம் நோக்கி மேலேற்றித் தருவதும் இந்த ஆடுசதையே என்பதை மறத்தலாகாது.

இனி அறத்தின் பக்கம் வருவோம். மூளை வாதத்தால் கெண்டைக்கால் இறுகி, நுனிவிரலில் நடக்கும் குழந்தைக்கு இதே ஊசியை இதே தசையில் போடுகின்றனர். குதிகால் தரையில் படிகிறது. ஆகவே ஊசியைப் பாவம் என்று ஒதுக்குவதற்கில்லை.

ஆயின் மற்றொன்றும் உண்டு. இந்நச்சின் 'ஓர் அலகு' என்பதே, சோதனைக்கு உட்படுத்தப்படும் எலிகளுள் பாதியைக் கொல்லும் அளவு என வகுக்கப்பட்டது. எலிகளுக்கு மாற்றாக உயிரணுக்களில் சோதிக்கும் முறை ஒன்றுக்கு 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதனால் அக்கொலை குறைந்தது. எனினும் அலகின் வரலாறு அதுவே.

காவிரிக் கரையில் ஏர் பிடிக்கும் சாவகர் எவரும் உழவில் உயிர்கள் மடிவதை அறியாதவர் அல்லர். உலகின் பசி நோக்கி, இயன்றவரை காத்து உழுகின்றோம். அதனைத் தொழில்வழி இம்சை என்று நம் ஆன்றோர் வேறாக வைத்தனர். குழந்தை நடக்கப் போடும் ஊசியை அதனோடு ஒருங்கே எண்ணலாம். சில மாத அழகுக்கு அதே விலையைக் கொடுக்கத் தகுமா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

இத்துடன் முடித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். "உன் காலில் என்ன குறை கண்டாய், அம்மா?" என்று அவளைக் கேட்டோம். "பெண் பார்க்க வந்த அன்று, வயற்காட்டுக் கால் என்று சொல்லிச் சிரித்தார்களே, பெரியப்பா. நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்?" என்றாள்.

இருந்தோம். சம்பந்தம் கெடக்கூடாதென்று வாய் திறவாதிருந்தோம். குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றில் இறங்கி நாற்று நட்ட தாயின் மகள் அவள். பள்ளிப் பருவத்தில் தானும் வரப்பில் ஓடி வளர்ந்தவள். அக்கால்கள் உழைப்பில் உரம் பெற்றவை. அவற்றைக் குறையாக்கியது பிறர் நாவும் நம் மௌனமுமே. மனம், மொழி, மெய் மூன்றாலும் இம்சை நேரும் என்று பயின்ற நாம், மொழியால் நேர்ந்ததற்கு உடன்பட்டிருந்தோம். எலியின் பொருட்டு அவளுக்கு அறம் உரைக்க நமக்கு என்ன தகுதி?

முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு மேற்கூறியவை அனைத்தையும் எடுத்துரைத்தோம். போடாதே என்று ஆணையிடவில்லை. "யோசிக்கிறேன், பெரியப்பா" என்று கூறிச் சென்றாள். அவள் முடிவு எதுவாயினும் நம் இல்லத்தில் அவள் மதிப்பு குறையாது.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பார்க்கும் இடத்தில் நிறத்தையும் உறுப்பையும் அளந்து பேசும் வழக்கத்தை இனியேனும் கைவிடுவோம். எவரேனும் பேசினால், அங்கிருக்கும் மூத்தோர் வாய் திறப்போம்.